கோமதி அக்காவின் முழங்காலும் பெஞ்சு மேல் நடந்த கல்யாணமும்

எல்லா நடைமுறையும் தெரிந்த ஒருவரைக் குடும்பத்தில் வைத்திருப்பதைவிட, ஒன்றுமே தெரியாத நாலு பேரை வைத்திருப்பது பாதுகாப்பானது. எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் நான். ரேஷன் கார்டில் பெயர் நீக்குவதிலிருந்து வீட்டு வாசலில் நிற்கும் மின்கம்பத்தை நகர்த்துவது வரை, எதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். (தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்லத் தெரியும். அரசாங்க உத்தியோகம் முக்கியமாகக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.)

தொண்ணூறுகளின் நடுவில் என் அக்கா கோமதிக்குச் சென்னையில் வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அப்போது திருநெல்வேலியில் இது அதிசயம். ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் அக்காவை விசாரித்த நேரம் கொஞ்சம், முழங்காலை விசாரித்த நேரம் அதிகம். பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் தொழில் அக்கறையோடு கேட்டார்:

"உள்ள வச்சது இரும்பா, எவர்சில்வரா?"

"ஏதோ உலோகமாம் அண்ணாச்சி."

"துருப்பிடிக்காதுல்லா? ஆத்துல குளிக்கிற ஊரு பாத்துக்கோ."

அக்கா அந்த ஆபரேஷனுக்குச் சம்மதித்ததற்கு ஒரே காரணம் இளைய மகள் உமாவின் கல்யாணம். எங்கள் வீடுகளில் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்கு எதிரே மணைப்பலகையில் உட்கார்ந்து, தாய் செம்பிலிருந்து நீர் ஊற்ற, தகப்பன் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். மூத்தவள் கல்யாணத்தின்போது அக்காவுக்குக் காலை மடக்கவே முடியவில்லை. அத்தானும் தன் தம்பியிடம் அந்த வேலையை விட்டுவிட்டார். தம்பியும் அவர் மனைவியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க, அக்கா தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்து தன் மகளை இன்னொருத்தி கொடுப்பதைப் பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. 'இளையவளை நான்தான் கொடுப்பேன்' என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தாராளமா நடங்க, படி ஏறுங்க. தரையில மட்டும் உக்காராதீங்க."

ரயில் செங்கல்பட்டைத் தாண்டியதும் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பம் எதுக்குலே இதை மாட்டினது?"

"நான் இருக்கம்லா" என்றேன். விபத்து அங்கேதான் தொடங்கியது.

முதலில் நாற்காலியை யோசித்தேன். கல்யாணத்தை நடத்தி வைக்கவிருந்த ஐயர் ஒப்பவில்லை. "மாப்பிள்ளை கீழே, அம்மா மேலேயா? அவா ஊத்தற ஜலம் குத்தாலத்து அருவியாட்டம்னா விழும்!" அக்கினி கீழே எரிய மனுஷி மேலே உட்காரலாமா என்று நாங்குநேரியில் இருந்த மாப்பிள்ளை வீட்டாரும் இழுத்தார்கள். அத்தானின் தம்பி மனைவி, எதற்கும் இருக்கட்டும் என்று மணையில் உட்கார ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருப்பதாகக் காதில் விழுந்தது. அக்காவும் அதைக் கேட்டுவிட்டாள்.

அன்று எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. அக்கா கீழே வர முடியாது என்றால், கல்யாணம் மேலே போகட்டும்.

தலைமையாசிரியராக இருந்த ஒரு நண்பரிடம் சொல்லிப் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளையும் டெஸ்க்குகளையும் மண்டபத்துக்கு வரவழைத்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பெஞ்சில். எதிரே அக்காவும் அத்தானும் இன்னொரு பெஞ்சில். நடுவே டெஸ்க்கின் மேல் செங்கல் பரப்பி ஓமகுண்டம். பக்கத்து டெஸ்க்கில் ஐயர். முந்தின நாளே நானும் என் மனைவியும் அக்கா, அத்தான் இடத்தில் உட்கார்ந்து ஒத்திகையும் பார்த்தோம். இருவரும் ஒரே எடை. சேர்ந்து உட்கார்ந்தோம், சேர்ந்து எழுந்தோம். பிரமாதமாக இருந்தது. (அத்தான் என்னைப் போல் இரண்டு பேர் என்பது ஒத்திகையில் தெரியாமல் போயிற்று.)

முகூர்த்தத்தன்று மேடையைப் பார்த்ததும் முன்வரிசையில் நாங்குநேரிப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் உரக்கவே கேட்டார்:

"என்ன வே, மாப்பிள்ளை பரீட்சை எழுதுதாரா?"

"ஆமா, ஐயர் பேப்பர் திருத்துதாரு, தெரியலையா?"

நான் காதில் வாங்கவில்லை. புரட்சி செய்பவர்களுக்கு இது சகஜம். டெஸ்க்கின் மேல் கால் மடக்க இடமில்லாமல் ஐயர் பாதி மந்திரமும் பாதி முனகலுமாக இருந்தார். தரையில் எரிந்தால் எட்டத்திலேயே கலைகிற புகை, இப்போது நேராக மாப்பிள்ளையின் மூக்கைத் தேடி வந்தது. உமா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா மட்டும் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரும் பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணோட கையை மாப்பிள்ளை கையில வச்சுப் பிடிச்சுக்கோங்கோ" என்றார் ஐயர்.

தரையில் என்றால் உட்கார்ந்தபடியே எட்டும். இங்கே நடுவில் டெஸ்க். அத்தான் எட்டிப் பார்த்தார், எட்டவில்லை. எழுந்தார்.

பெஞ்சின் கால்கள் ஓரத்தில் இல்லை, கொஞ்சம் உள்ளடங்கி இருந்தன. அத்தானின் எடை போன கணமே அந்த முனை ஆகாயத்துக்குப் போனது. இந்த முனையில் இருந்த அக்கா சறுக்கினாள். செம்புத் தண்ணீர் மொத்தமும் ஓமகுண்டத்தில் விழுந்தது. குபீரென்று எழுந்த புகையில் மேடை மறைந்தது. நாயனக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

"அக்கா!" என்று நான் அலறிய அலறலில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

"ஏலே, கத்தாத" என்றது புகை. "நின்னுட்டம்லா."

புகை விலகியபோது அக்கா இரண்டு காலிலும் உறுதியாக நின்றுகொண்டிருந்தாள். குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள், பரீட்சையில் தேறிய மகனைப் பார்ப்பதுபோல. பிறகு ஐயர் பக்கம் திரும்பினாள்.

"ஐயரே, எல்லாரும் நின்னுக்கிட்டே தாரை வார்த்தா செல்லாதா?"

கண்ணைக் கசக்கிக்கொண்டே ஐயர் டெஸ்க்கிலிருந்து இறங்கினார். "பேஷாச் செல்லும்மா. இதை முன்னாடியே கேட்டிருக்கப்படாதோ?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. அத்தான் என் தோளில் கை வைத்து, "ஏன் மாப்ளே, நிக்கிறதுன்னு ஒண்ணு உண்டே, அது ஒங்க சட்டத்துல இல்லையா?" என்றார்.

அக்கினியைக் கீழே இறக்கி மறுபடி மூட்டினார்கள். பெண், மாப்பிள்ளை, பெற்றவர்கள் எல்லோரும் நின்றார்கள். அக்கா செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மெல்லிய நூலாக அத்தான் கை வழியாக இறங்கியது. அழுதது உமாதான். கொஞ்சம் நானும். (புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.)

அக்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அந்த முழங்கால் இன்னும் அவளுடன்தான் நடக்கிறது. சமீபத்தில் என் முழங்கால் தகராறு செய்ய, பாளையங்கோட்டையில் ஓர் இளம் டாக்டரைப் பார்த்தேன். இப்போதெல்லாம் ரோபோ துணையோடு செய்கிறார்களாம். முதலில் கம்ப்யூட்டரில் காலுக்கு வரைபடம் போட்டு, மயிரிழை பிசகாமல் மூட்டை வைப்பார்களாம். பெருமையோடு விளக்கினார்.

"அப்பம் தரையில உக்காரலாமா?"

"அதைத் தவிர்க்கிறது நல்லது சார்."

சென்னை டாக்டரும் இதையேதான் சொன்னார், ரோபோ இல்லாமல். அக்காவின் மூட்டு எந்தக் காலத்தது என்று சொன்னேன். இத்தனை வருஷம் தாங்கியதா என்று அவர் என் காலை மறந்துவிட்டு அக்காவின் எக்ஸ்ரே கேட்டார்.

வீட்டில் நான் எதையாவது முறைப்படி செய்யலாம் என்று வாயெடுத்தால் இன்றும் யாராவது, "பெஞ்சு கொண்டாரவா மாமா?" என்பார்கள். அது பழகிவிட்டது. பழகாதது வேறு. உமாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் உட்கார்ந்து தாரை வார்த்ததில்லை. முதலில் முழங்கால் சரியில்லாதவர்கள் நின்றார்கள். பிறகு நல்ல முழங்கால்காரர்களும் நின்றார்கள்.

போன தை மாதம் உமாவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மணைப்பலகையை எடுத்துப் போட, எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் இளம் மருமகள் பதறிப்போய்த் தடுத்தாள்.

"எங்க வீட்ல நின்னுதான் தாரை வார்ப்பாவ. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து அப்பிடித்தானாம்."

"அப்பிடியா! ஏதும் வேண்டுதலா இருக்கும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் மாப்பிள்ளையின் பெரியம்மா.

பிழையைத் திருத்த நான் எழுந்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து அக்கா பைய என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"வாயைத் தொறக்காதலே. நமக்குன்னு ஒரு சம்பிரதாயம் இருந்துட்டுப் போட்டும்."