பசியில்லாத மீன்கள்

மனைவியிடம் ஒரு பொய் சொல்லியே தீர்வது என்று காலையிலேயே முடிவெடுத்துவிட்டார் மீன் பண்ணைக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எந்தப் பொய்யும் பொழுது சாயும்வரை உயிரோடு இருந்ததில்லை. இருந்தாலும் மனுஷனுக்கு நம்பிக்கை வேண்டுமே!

மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. பேச்சுச் சத்தமாவது கேட்கட்டும் என்று டி.வி.யைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார். தும்மினால் ஏன் என்று கேட்க நாதியில்லை. "நீங்களும் இங்க வந்துடுங்களேன்" என்று அவள் கூப்பிடத்தான் செய்தாள். "மாப்பிள்ளை வீட்டுல போய் உக்காந்து சாப்பிடுற ஆளா நான்? மீனை யாரு பாக்குறது?" என்று இவர்தான் வீறாப்புப் பேசினார். பேசிய பேச்சை இப்போது எப்படி விழுங்குவது?

குளக்கரையில் நின்று வீடியோவில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு வாரமா மீனுங்க தீனியையே தொட மாட்டேங்குது. நீ வந்து பாத்தாத்தான் ஆகும்."

"தீனி போட்டீங்களா?"

"போடாம? ரெண்டு வேளையும் போடுறேன். வாயே திறக்கல."

"குளத்தைக் காட்டுங்க."

காட்டினார். தண்ணீர் துடைத்து வைத்தது போலிருந்தது. அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள்.

"அடப்பாவமே! பூண்டை அரைச்சு, வெந்தயப் பொடி, மஞ்சள் எல்லாம் சேத்து தீனியில பெசறி, நிழல்ல உலத்திப் போடுங்க. தினமும் எங்கிட்ட காட்டிட்டுத்தான் போடணும்."

வரேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் தினமும் பேசுவாளே! அதற்காகவே பூண்டு உரித்தார். கை நாறியது, தலையணை நாறியது. "இன்னும் சரியாகலம்மா" என்பார். "அப்ப பூண்டைக் கொஞ்சம் கூட்டுங்க" என்பாள். போனை வைத்த பிறகுதான் தீனியை வீசுவார். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து தின்றன.

"மெதுவா தின்னுங்கடா, என் மானம் போகுது" என்று அவற்றிடம் கெஞ்சினார். அவளிடம் சொல்ல வாய் வராததையும் அவற்றிடம்தான் சொன்னார். "உங்களுக்கு என்னடா கேடு? அவ இல்லாம எனக்குத்தான் சோறு இறங்கல."

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு நாள், "நாளைக்கு வரேன்" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. சவரம் செய்துகொண்டார். வீட்டைப் பெருக்கினார். சேர்ந்துகிடந்த பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்தார்.

அவள் வந்தாள். மீன் வியாபாரியின் லாரியில், முன்சீட்டில்.

ஆட்கள் வலையை இறக்கினார்கள். இழுக்க முடியாமல் திணறினார்கள். "நோஞ்சான் மீனா இது?" என்று வியாபாரி வாய் பிளந்தார்.

"அவர் அப்படித்தான் சொன்னாரு" என்றாள் அவள்.

பண்ணைக்காரர் அவளைத் தனியே அழைத்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. ஒரு வாரம் மீன் தொடலன்னா குளம் பூரா தீனி மிதக்கணும்ல? ஒரு உருண்டைகூட மிதக்கலயே."

"அப்புறம் எதுக்கு அந்தப் பூண்டு, வெந்தயம்?"

"நல்லாத் தின்னு சீக்கிரம் பெருக்கட்டும்னுதான். மீனை யாரு பாக்குறதுன்னு கேட்டீங்கல்ல?"

அவர் திரும்பிக் குளத்தைப் பார்த்தார். பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அதற்குள் அவள் வீட்டைப் பூட்டி, அவருடைய பெட்டியோடு வந்து நின்றாள்.

"மீனெல்லாம் ஏறியாச்சு. நீங்களும் ஏறுங்க."