தகட்டய்யாவின் சூடு

தகட்டய்யா வீட்டு வாசலில் அன்றும் கூட்டம் முண்டியடித்தது. உள்ளே ஒரு மரப்பெட்டி. அதன் முகப்பில் வரிவரியாக மடிப்பு வைத்த அலுமினியத் தகடு. உச்சியில் ஒரு குண்டு பல்பு. ஊர் விளக்கெல்லாம் மங்கி மங்கி எரிந்தாலும் இந்தப் பல்பு மட்டும் மங்காது. அதைப் பார்த்தே பாதிப் பேர் மெய்சிலிர்த்துவிட்டார்கள். மீதிப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

தகட்டில் கை வைக்க வேண்டும். சுட்டால் தோஷம், சுடாவிட்டால் தோஷம் விலகிவிட்டது. இவ்வளவுதான் சாஸ்திரம். முதன்முறை வருகிறவர்களை அய்யா மத்தியானத்தில்தான் பார்ப்பார். காணிக்கை கட்டிப் பரிகாரம் செய்தவர்கள் விளக்கு வைத்த பிறகு வரலாம். மத்தியானம் வந்த எல்லோருக்கும் தோஷம் இருந்தது. சாயங்காலம் வந்த எல்லோருக்கும் விலகியிருந்தது. இந்தத் தோஷம் போல நேரம் தவறாமல் வேலை பார்க்கும் ஆள் எந்த அலுவலகத்திலும் கிடைக்கமாட்டார்.

அன்று மத்தியானம் ஒரு மாமியார் தன் மருமகளை இழுத்து வந்தாள். மகனுக்கு வேலை போய்விட்டது. மருமகள் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பவர் சப்ளை தயாரிக்கும் கம்பெனியில் வடிவமைப்பாளர். அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. ஆகவே குற்றம் அவளுடையதாகத்தானே இருக்க முடியும்?

"கைய வைம்மா."

வைத்தாள். சுட்டது.

"இவ வந்ததுலேர்ந்து புடிச்ச தோஷம்," என்றார் அய்யா. "ஒரு வருஷம் இவ அம்மா வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா உங்க மகன் உயிருக்கு நான் பொறுப்பில்ல."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "துணிமணிய எடுத்துக்கம்மா. எனக்கு என் புள்ள வேணும்."

ஒரு தகடு சொன்னதற்காகக் கட்டினவனை விட்டுப் போவதா? தகட்டை விட்டு மருமகளின் கண் நகரவில்லை. இதே மடிப்பு வைத்த தகடுகளைத்தான் அவள் அலுவலகத்தில் தினமும் வரைகிறாள்.

"அய்யா, இதுக்குள்ள கரண்டு ஓடுதா?"

"கரண்டா! ஊர் விளக்கு ஆடுது, இது ஆடுதா? இது அருள்."

பெட்டியின் பின்னாலிருந்து ஒரு ஒயர் சுவருக்குள் போயிற்று. அருள் வரும் வழி போலும்.

"சரிங்க. இந்தத் தெருக்காரங்க எல்லாரும் வீட்டுக்குப் போயி இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் எது இருக்கோ போட்டுட்டு வாங்களேன்."

"அதெல்லாம் கூடாது!" அய்யா எழுந்தே விட்டார்.

"போடட்டுமே அய்யா," என்றாள் மாமியார், முழு பக்தியோடு. "கரண்டே இல்லன்னுதானே சொன்னீங்க?"

போட்டுவிட்டு வந்தார்கள். தலைக்கு மேலே மின்விசிறி தளர்ந்தது. பல்பு அசையவில்லை. காத்திருந்தார்கள்; அந்தக் கூட்டத்துக்கு அது பழக்கம்தான். மருமகள் மறுபடி கை வைத்தாள். சுடவில்லை.

"விலகிடுச்சு! என் பார்வை பட்டுது!" அய்யா முந்திக்கொண்டார்.

"சந்தோஷம். இப்ப எல்லாரும் போயி அணைச்சுட்டு வாங்க."

மின்விசிறி வேகம் எடுத்தது. மறுபடி காத்திருந்தார்கள்.

"இப்ப நீங்க வைங்கய்யா."

அய்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மகன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மாமியாருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தக் கையைப் பிடித்திழுத்துத் தகட்டில் அழுத்தினாள்.

"ஐயோ, சுடுது!"

மருமகள் பெட்டியைத் திருப்பினாள். தகட்டின் முதுகில் திருகி வைத்த ஒரு பவர் டிரான்சிஸ்டர். "வோல்டேஜ் கூடினா கூடினத இது தன் தலையில வாங்கிக்கிட்டு, பல்புக்கு வேண்டியத மட்டும் விடும். வாங்கினது இந்தத் தகடு வழியா சூடா வெளிய வரும். சாயங்காலம் எல்லார் வீட்டுலயும் விளக்கும் அடுப்பும் போட்டா வோல்டேஜ் இறங்கும், தகடு ஆறிடும். இதுல தோஷம் எங்க இருக்கு, அத்தை?"

மாமியார் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அய்யாவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்:

"அப்ப நீங்க எப்பய்யா உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்புறீங்க?"

வேண்டாததைத் தடுத்து வேண்டியதை மட்டும் உள்ளே விடும் டிரான்சிஸ்டர் எந்தக் கடையிலும் சல்லிசாகக் கிடைக்கிறது. அதே வேலையைச் செய்ய நம் காதுகளுக்கு நடுவில் ஒன்றை இலவசமாகவே வைத்திருக்கிறோம். அது சூடாகிவிடுமோ என்று பயந்துதான் பலர் அதை இன்னும் போட்டே பார்க்கவில்லை.