ஏழாம் எண் கட்டமும் உன் பூப்போட்ட தட்டுகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

துரை பங்களாவின் பின்கட்டு அறையிலிருந்து உன் தம்பி, காவலாளி, வணக்கத்துடன் எழுதுவது. நானும் உன் தம்பி பெண்சாதியும் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். சனிக்கிழமை இங்கே மண்ணில் தோண்டி எடுத்த பொருள்களை வைத்து நடத்தும் கண்காட்சிக்கு வருவதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி.

பத்தொன்பது வருஷமாக நீ உன் நாத்தனாரோடு பேசுவதில்லை. மாடியில் அவள், கீழே நீ, அவள் பெண் கல்யாணத்துக்குக்கூட நீ படி ஏறவில்லை. காரணம் உன் நீலப் பூப்போட்ட பன்னிரண்டு பீங்கான் தட்டுகள். பெரிய அதிகாரி பங்களாவைப் பார்க்க வருகிறார், சாப்பாடு போட நல்ல தட்டு இல்லை என்று நான்தான் இரவல் வாங்கினேன். அவர் வரவில்லை. தட்டுப் பெட்டியை அன்றைக்கே கொண்டுவந்து உன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ பார்த்தபோது பெட்டி இல்லை, வீட்டில் இருந்தவள் நாத்தனார் ஒருத்திதான். "தட்டும் போச்சு, என் பால் பாத்திர மூடியும் போச்சு, எல்லாம் அந்த மகராசி கைவரிசை"ன்னு நீ தெருவே கேட்கக் கத்தினாய், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அக்கா, நான் வாசலில் எதையும் வைக்கவில்லை. பங்களா பின்படியில் கால் வழுக்கிப் பெட்டியோடு உருண்டேன், உள்ளே கலகலன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், எனக்கு உயிரே இல்லை. நீ இறுக்கிப் போட்டிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்துப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. பட்டப்பகலில் கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டி, கட்டின கட்டோடு புதைத்துவிட்டேன்.

அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். இந்தக் கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தொல்லியல் பயிற்சி என்று ஒரு பேராசிரியை பன்னிரண்டு பேரோடு வந்து இறங்கினார். வெள்ளைக்காரத் துரை குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று மண்ணுக்குள் தேடப்போகிறார்களாம். முளையடித்து நூல் கட்டித் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். ஏழாம் எண் கட்டம் சரியாகக் கிணற்றுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. எப்பாடு பட்டாவது நாமே முந்திக்கொண்டு எடுத்துவிட வேண்டும் என்று முடிவுகட்டி, "மேடம், எனக்கும் இதெல்லாம் கத்துக்கணும்னு ஆசை" என்று போய் நின்றேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எனக்கு வராத ஆசை. அந்த அம்மா நெகிழ்ந்துபோய், ஒரு தொப்பி, ஒரு கொத்தனார் கரண்டி, ஒரு பிரஷ் எல்லாம் கொடுத்து, என்னைப் போட்டாரே இரண்டாம் எண் கட்டத்தில்! மூன்று நாள் தலைச்சுற்றல் என்று நடித்து, நிழல் விழும் ஏழாம் கட்டத்தைக் கேட்டு வாங்கினேன். அங்கே பொறுப்பு ஒரு கண்ணாடிக்காரப் பெண். வயது இருபது, பார்வை மட்டும் போலீஸ் பார்வை. அரை மணியில் இடுப்பளவு குழி வெட்டுகிற ஆள் நான், என்னைப் பிடித்து, "அங்கிள், தோண்டக் கூடாது, சுரண்டணும்" என்கிறாள். ஒரு நாள் முழுக்கச் சுரண்டினால் ஒரு விரல் ஆழம். கூழாங்கல் கிடைத்தாலும் படம் பிடித்து, அளந்து, வரைந்து, நோட்டில் எழுதின பிறகுதான் தொட வேண்டுமாம். இது வேலைக்காகாது என்று எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் மண்வெட்டியோடு இறங்கினேன். இரண்டு வெட்டு வெட்டுவதற்குள் மேலே டம்ளரோடு நிற்கிறாள். "என்ன அங்கிள் பண்றீங்க?" "ஓரத்தை நேராக்குறேம்மா." அன்று சாயங்காலம் வரை அந்த ஓரத்தை என்னையே வரைய வைத்துவிட்டாள்.

கடைசியில் மண்ணே காட்டிக்கொடுத்தது. சுற்றிலும் சிவப்பு மண், நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு. பேராசிரியை குனிந்து பார்த்தார். "இங்க யாரோ பின்னாடி வந்து வெட்டி மூடியிருக்காங்க. பயந்துக்கிட்டே அவசரமா வெட்டின மாதிரி இருக்கு" என்றார். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின என் பயம் அந்த அம்மாவுக்கு மண்ணைப் பார்த்துத் தெரிகிறது, உனக்கு என் முகத்தைப் பார்த்துத் தெரியவில்லையே அக்கா! அப்புறம் நீலப் பூ எட்டிப் பார்த்தது. துரைசானி புருஷனோடு சண்டை போட்டு வீசியிருப்பாள் என்று பிள்ளைகள் அரை நாள் கதை கட்டினார்கள். அதற்குள் கயிறு வந்துவிட்டது. அட்டைப் பெட்டி மக்கிப்போயிருந்தது, கயிறு மட்டும் உன் ஏழு முடிச்சோடு அப்படியே இருக்கிறது. "துரை காலத்துல நைலான் ஏதுப்பா?" என்று பேராசிரியை கேட்டதும் எல்லோர் முகமும் தொங்கிப்போனது. கண்ணாடிக்காரி மட்டும், "அப்ப புதைச்சவர் இன்னும் உயிரோட இருக்கலாம் மேடம்" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். சேறும் துண்டுகளும் ஒட்டிக் கிடந்த அந்தக் கட்டியை அப்படியே தூக்கிக் கழுவுவதற்குக் கொண்டுபோனார்கள்.

அவள் நோட்டை விரித்து, 'புதைத்தவர்: தெரியவில்லை' என்று எழுதப் போனாள். எனக்கு உன் நாத்தனார் முகம் ஞாபகம் வந்தது. "தெரியும், எழுதும்மா. காவலாளி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "எந்த வருஷம் அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். நேரே மாடி ஏறி உன் நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். நீ கதவைச் சாத்தினாலும் கேட்பேன், அத்தான் வைதாலும் கேட்பேன். செய்யாத திருட்டுக்கு ஒருத்தி பத்தொன்பது வருஷம் தலைகுனிந்து படி இறங்கியிருக்கிறாள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அவளிடம் மட்டும் பேசிவிடு. அதே மாதிரி பன்னிரண்டு தட்டு எங்கே கிடைத்தாலும் வாங்கித் தருகிறேன்.

அத்தானுக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் கால்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க யோக்கியதை இல்லாத
தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கண்ணாடிக்காரி வந்தாள். துண்டுகளைக் கழுவி, பொருத்திப் பார்த்தார்களாம். பதினொரு தட்டுதான் தேறுகிறதாம். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே, தட்டு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு எவர்சில்வர் மூடி இருந்ததாம். கொண்டுவந்து காட்டினாள். உன் பால் பாத்திர மூடிதான் அக்கா, பிடி ஒரு பக்கம் வளைந்த அதே மூடி. நீ போட்ட கட்டை நான் அவிழ்க்கவே இல்லை, அப்படியென்றால் மூடியை உள்ளே வைத்தது உன் கைதான். "பெட்டியைக் கட்டினது யாரு அங்கிள்?" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்கிறாள். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன். முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதே, நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். மாடிக்கு இரண்டு பேருமாகவே ஏறுவோம்.