பரவாயில்லை வழக்கு

பின்னோக்கி வரும் லாரிக்கும் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் தையல்காரருக்கும் சட்டப்படி என்ன உறவு என்பதைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தையல்காரர் அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அதனால்தான், மெத்தை இறக்க வந்த டெலிவரி லாரி ஒன்று தெருவில் பின்னோக்கி வந்து, கடைக்குள் பாதி நுழைந்து, தையல் மிஷினைக் கவிழ்த்து அவருடைய வலது காலில் போட்டபோது, சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

கெட்ட வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட வார்த்தையாக இருந்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார்.

டிரைவர் பதறிப்போய் இறங்கி ஓடி வந்தான். "ஐயோ அண்ணே, அடி பட்டுடுச்சா?"

"பரவாயில்ல தம்பி" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு மயங்கிப்போனார்.

லாரியின் பக்கவாட்டில் 'உங்கள் வாசலுக்கே வருவோம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. வாசலைத் தாண்டியும் வந்தது கம்பெனியின் பெருந்தன்மை.

மிஷினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கணுக்கால் எலும்புதான் இரண்டாகப் போயிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "நடக்கலாம். ஆனா இனிமே இந்தக் காலால மிஷின் மிதிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். மிதித்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். மிஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டிவிட்டால் கவலை தீர்ந்தது. அந்த மோட்டாரை லாரி கம்பெனி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் அவர் வழக்கு. அதற்கு மேல் ஒரு நூல்கண்டுகூட அவர் கேட்கவில்லை.

மோட்டார் வரும்வரை மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மிதித்தாள், அவர் துணியைப் பிடித்தார். ஒருவர் மிதிக்க ஒருவர் தைப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. "எலும்பு ரெண்டா போச்சு, பரவாயில்லையாம். தவளைகூட மழை பெஞ்சாத்தான் கத்தி மாட்டிக்கும். உங்களுக்கு அதுகூட வேண்டாம்" என்று அவள் ஆரம்பித்தால் கால் தானாக வேகம் எடுக்கும். சண்டை சூடு பிடித்த நாட்களில் தைத்த கால்சட்டைகளில் தையல் இடுப்பில் புறப்பட்டு ஊர் சுற்றிவிட்டுத்தான் முட்டிக்கு வந்து சேர்ந்தது.

விபத்து இழப்பீட்டு அலுவலகத்துக்குக் கால் உடைந்தவர்கள்தான் வருவார்கள் என்பதால், அதை மூன்றாம் மாடியில் வைத்திருந்தார்கள். லிஃப்ட் இருந்தது. அது அதிகாரிகளுக்கு.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். விதிகளுக்கு மட்டும்தான் பயப்படுவார்.

"விபத்து நடந்ததற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "லாரியில் கேமரா இருக்கிறது ஐயா. ஆனால் லாரி பின்னால் போனது, கேமரா முன்னால் பார்க்கிறது. எனவே விபத்து எதுவும் பதிவாகவில்லை. இவர் வாக்குமூலம் மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது."

கையிலிருந்த ஒலிப்பதிவுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். "பரவாயில்ல தம்பி" என்றது பெட்டி, பரம சாதுவாக.

"பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நபர், சம்பவ இடத்திலேயே, சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, தமக்குப் பாதிப்பில்லை என்று அறிவித்துவிட்டார்."

"எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள்?" என்று அதிகாரி தையல்காரரைக் கேட்டார்.

"அர்த்தம்லாம் இல்லீங்க ஐயா. வாயில வந்துச்சு."

"அர்த்தமில்லாமல் ஒரு சொல்லை இந்த அலுவலகம் ஏற்க இயலாது" என்று வருத்தப்பட்டு, அதிகாரி அந்த ஒற்றைச் சொல்லை மொழிப் பிரிவின் கருத்துக்கு அனுப்பிவைத்தார்.

மொழிப் பிரிவு ஆற அமர யோசித்துப் பதில் எழுதியது. பரவாயில்லை என்பதற்குப் பாதிப்பு இல்லை என்று பொருள். பாதிப்பு உண்டு, ஆனால் உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் பொருள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றும் கொள்ளலாம். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதாக இருந்தால், சமைத்தவர் பக்கத்தில் நிற்கிறார் என்று பொருள். இவற்றுள் எது என்று துணிய, சொல் பிறந்த சூழலை அப்படியே மீண்டும் உருவாக்கிப் பார்ப்பது நலம்.

"அப்படின்னா?" என்றாள் மனைவி.

"லாரி இன்னொரு முறை மோத வேண்டும்" என்றார் அதிகாரி சங்கடத்தோடு. "இந்த முறை இடது காலாக இருந்தாலும் ஆட்சேபம் இல்லை."

"லாரி தயார்" என்றார் வக்கீல்.

"என் வீட்டுக்காரருக்கு இருக்கிறதே ஒத்தைக் கால். அதையும் உங்ககிட்ட குடுத்துட்டு நான் யாரை வச்சுக் குடும்பம் நடத்துறது?" என்று மனைவி போட்ட சத்தத்தில் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. படித்தவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று ஆனது. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு "சாரி" என்றால், மிதிபட்டவர் நிமிர்ந்து நின்று, "என் உரிமைகளைத் தக்கவைத்துக்கொள்கிறேன்" என்றார். கல்யாண வீட்டில் சம்பந்தி மேல் காபி கொட்டினால், "பாதிப்பு பின்னர் தெரிவிக்கப்படும்" என்றார் சம்பந்தி. இதைச் சொல்லத் தெரியாதவர்களைப் பட்டிக்காடு என்று சிரித்தார்கள். தையல்காரரைப் பார்க்க வந்த டிரைவர் வேறொரு கதை சொன்னான்.

"எங்களுக்கு டிரெயினிங் குடுக்குறாங்க அண்ணே. இடிச்சதும் பிரேக் போடறதுக்கு முன்னாடி, நல்லா இருக்கீங்களான்னு கேக்கணுமாம்."

"எதுக்குப்பா?"

"நல்லா இருக்கேன்னு சொல்லிடுவாங்கல்ல?"

அடுத்த விசாரணையில் அதிகாரி உள்ளே வந்தார். மரியாதைக்காரரான தையல்காரர் சும்மா இருப்பாரா? எழுந்தார். அவசரத்தில் ஊன்றுகோலை அதிகாரியின் கால் கட்டைவிரல் மேல் ஊன்றி, முழு எடையையும் அதில் போட்டு, கும்பிட்டார்.

அதிகாரியின் கண்களில் நீர் திரண்டது. "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார்.



"ஐயாவுக்கு அடி படலையாம்" என்றாள் மனைவி. "எழுதிக்கோங்க. ரெண்டு தரம் சொல்லியிருக்காரு."

"என்னம்மா நீங்க, உயிர் போகுது எனக்கு" என்றார் அதிகாரி, விதிகளை மறந்து, செருப்பைக் கழற்றியபடி. "அது ஒரு மரியாதைக்குச் சொல்றது."

"அதேதாங்க ஐயா" என்றார் தையல்காரர்.

வீங்கிய விரலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அதிகாரி உத்தரவு எழுதினார். வலியில் இருப்பவர் சொல்லும் பரவாயில்லை வெறும் மரியாதையே. அது உரிமையைப் பறிக்காது. கம்பெனி மோட்டார் வாங்கித் தரவேண்டியது.  சந்தோஷத்தில் மனைவியின் கால் மேசைக்கடியில் பழக்கதோஷத்தில் மிதித்துக்கொண்டிருந்தது.

கையெழுத்துப் போட்ட அதிகாரி நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு நஷ்டம், எவ்வளவு அலைச்சல் உங்களுக்கு. மனசு கஷ்டமா இருக்கு."

மனைவி கணவரின் வாயைப் பொத்தக் கை நீட்டினாள். எட்டவில்லை.

"அதெல்லாம் பரவாயில்லீங்க ஐயா" என்றார் தையல்காரர், முகமெல்லாம் சிரிப்பாக.

வக்கீல் துள்ளி எழுந்தார். "வலியில் சொன்னது மரியாதை என்பது தங்கள் உத்தரவு. இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆகவே இது உண்மை. நஷ்டம் பரவாயில்லை என்று அலுவலகத்துக்குள்ளேயே அறிவித்துவிட்டார்."

அதிகாரி தன் உத்தரவைத் தானே படித்துப் பார்த்தார். அது பிசகில்லாமல் இருந்தது. பெருமூச்சு விட்டு, உத்தரவில் மோட்டார் என்ற வரியை அடித்துவிட்டார்.

"மேல்முறையீடு ஒண்ணு இருக்கு" என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "மிஷின் மிதிக்கிறது நீங்க. அதனால உங்க பேர்லயே போடலாம். நிச்சயம் கிடைக்கும். வாயை மட்டும் கட்டிக்குங்க."

மூன்று மாடியும் இறங்கி முடிக்கும்வரை அவள் கணவரை வைதாள். "உங்க நாக்கை வெட்டிப் பட்டன் தைக்கணும். என் பேர்ல போடறேன், பாருங்க. என் வாயிலேருந்து அந்த வார்த்தை வந்துடுமா?"

கீழே டிரைவர் அதே லாரியோடு காத்திருந்தான். இருவரையும் முன்னால் ஏற்றி உட்காரவைத்தான். விஷயத்தைக் கேட்டதும் பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னாலதான் அண்ணி உங்களுக்கு இவ்வளவு கஷ்டமும்."

அழுகிற பிள்ளையைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. "விடு தம்பி, பரவாயில்ல. வண்டிய எடு" என்றாள்.

கண்ணாடிக்கு மேலிருந்த கேமரா, வழக்கம்போல் சாலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தது.