இரண்டு பக்கமும் பார்ப்பவர்

"ரெண்டு கட்சிச் செய்தியும் படிப்பேன், எனக்குப் பாரபட்சமே கிடையாது" என்று மார்தட்டிக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் பிளம்பர் வேலை பார்க்கும் வெண்டெல் அதில் அசல் சரக்கு.

அவருக்கும் அக்கா டார்லாவுக்கும் ஆளுக்கொரு கட்சி. தேர்தலோடு பேச்சு நின்றது. வருஷா வருஷம் நவம்பரில் குடும்பமே கூடும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இரண்டு வருஷமாக அக்கா வரவில்லை. அக்கா இல்லாமல் வெண்டெலுக்குச் சோறு இறங்கவில்லை, வீம்பு, சொல்லமாட்டார். இந்த வருஷம் அவரே போன் போட்டு ஓர் உடன்படிக்கை செய்தார்: ஒரு மாதம் ஒருவர் கட்சிப் பேப்பரை மற்றவர் படிப்பது, பிறகு சேர்ந்து சாப்பிடுவது.

படித்தாரா? படித்தார். கையில் சிவப்புப் பேனாவோடு, வரிக்கு வரி "அடப்பாவி!" என்று கத்தி, புளுகுக்கெல்லாம் நம்பர் போட்டு வெட்டி வைத்து, காபி ஆறியது தெரியாமல், மனைவி கூப்பிட்டது காதில் விழாமல், புரிந்துகொள்ள உட்கார்ந்தவர் இரண்டு மடங்கு முறுக்கேறி எழுந்தார். நமக்கெல்லாம் மனசு திறப்பது இப்படித்தான்.

விருந்தன்று அக்கா வந்தே விட்டார். வெண்டெலுக்குக் கண் கலங்கியது. ஆனால் வான்கோழியை வெட்டும்வரை வாய் சும்மா இருந்தால்தானே?

"அக்கா, உங்க ஆளு எழுதினதைக் கேளு. ஏரிப் பாலத்துக்குச் சுங்கம் வசூலிக்கணுமாம். மூளை இருக்கா?"

"சரியாத்தானேடா சொல்லியிருக்கான்? உனக்கு எங்க வலிக்குது?"

மனைவி ஜோலீன் தாளை வாங்கிப் பார்த்தார். "ஏங்க, அவங்க பேப்பரோட நம்ம பேப்பரையும் சேர்த்து வெட்டிட்டீங்க. இதை எழுதினது நம்ம கட்சி ஆளு."

வெண்டெல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "யோசிச்சுப் பார்த்தா… பாலத்தை யாராவது பராமரிக்கணுமில்ல?"

"என்னடா பராமரிப்பு? பகல் கொள்ளை!" என்று குதித்தார், சற்றுமுன் ஒப்புக்கொண்ட அக்கா.

பத்தே நிமிஷம். அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெண்டெல் பதறிப்போய் வாசலுக்கு ஓடினார். "போகாதே அக்கா" என்றுதான் சொல்ல நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"நான் வெட்டி வெச்ச ஆதாரத்தையாவது எடுத்துட்டுப் போ!"

சிரிக்கிறீர்களா? வெண்டெல் எந்தக் கட்சி என்று ஆரம்பத்திலிருந்தே நீங்கள் துழாவிக்கொண்டு வருவது தெரியாதா எனக்கு? அது தெரிந்தால்தானே யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று முடிவு பண்ண முடியும்! நானும் எழுதும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். சொன்னால், இதுவரை படித்ததெல்லாம் பொய் என்பீர்கள்.