கே வெட்ஸ் சுந்தரம்

எனக்கு இரண்டு கல்யாணம். இரண்டாவது, தமிழரசியோடு, பெரம்பலூரில் ஊரறிய மேளதாளத்தோடு நடந்தது. முதலாவது அரியலூரில், என் அப்பாவோடு. (சிரிக்காதீர்கள். அதற்கும் சாட்சிகள் இருக்கிறார்கள்.)

எண்பதுகளின் கடைசி. அரியலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். அங்கே நான் வாத்தியார். உண்மையில் மாணவனாகச் சேர்ந்தவன்தான். சொல்லிக்கொடுத்தவர் வேலை கிடைத்துத் திருச்சிக்குப் போய்விட, சி மொழிப் புத்தகத்தில் மற்றவர்களைவிட ஒரு பாடம் முன்னால் இருந்த பாவத்துக்காக என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

ஆனால் என் அலட்டலுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. "சி ரொம்ப சுலபம்ப்பா. மெயின்னு எழுதி அடைப்புக்குறி போடு. பிரிண்ட்எஃப் போட்டா கம்ப்யூட்டர் சொல்லும். ஸ்கேன்எஃப் போட்டா கம்ப்யூட்டர் நம்மளைக் கேக்கும். முடிவுல செமிகோலன் வைக்க மறக்காதே. அவ்வளவுதான் விஷயம்!" என்பேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் குன்னம் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது என்று முடிவாயிற்று. வந்த இடத்தில் தமிழரசி, கை நிறைய புளியோதரைப் பிரசாதத்தோடு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். முடிந்தது என் கதை. கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

அவளுடைய அப்பா வேலாயுதம் வெங்காயமும் பருத்தியும் போடுகிற விவசாயி. மனிதர் ஒளிவுமறைவில்லாமல் கேட்டுவிட்டார். "எல்லாம் சரிங்க தம்பி. கம்ப்யூட்டர்ல வேலைங்கறீங்க. அது என்ன வேலைன்னுதான் எனக்குப் புடிபடல. காடு கழனின்னா போய்ப் பாக்கலாம், கடைகண்ணின்னா போய்ப் பாக்கலாம். இதை எங்க போய்ப் பாக்கறது?"

"இந்தா, பக்கத்துல அரியலூர்தாங்க. இப்பவே வாங்க, காட்டுறேன்!"

வாய் இருக்கிறதே, சும்மா இருக்காது. பெண் பார்க்கப் போகிற மிதப்பில் முந்தின வாரமே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். மாப்பிள்ளை பெயரைக் கேட்கும், பெண் பெயரைக் கேட்கும், நடுவில் 'வெட்ஸ்' என்று போட்டு இங்கிலீஷில் எழுதிக் காட்டும். ராஜா, ராணி என்று கொடுத்துப் பார்த்திருந்தேன். பிரமாதமாக வந்தது.

இரண்டு குடும்பமும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி மாடி ஏறியது. வாசலில் செருப்பைக் கழற்றினோம். மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்ததால், வேலாயுதத்தின் அக்கா சாமி கும்பிட்டுவிட்டே உள்ளே வந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராமை ஓடவிட்டேன். மாப்பிள்ளை பெயர் என்ன என்று கேட்டது. பின்னால் அப்பா நிற்கிறார். பெரியவர்களுக்கு முன்னால் பெயரை மொட்டையாக அடிக்கலாமா? அப்பா பெயருக்கு மரியாதையாக முதலில் 'கே' இனிஷியலை அடித்து, கொஞ்சம் இடம் விட்டு, என் பெயரை அடித்து, எண்டரைத் தட்டினேன்.

'பெண் பெயர்?' என்று திரையில் வந்தது. நான் அடுத்த எழுத்தைத் தொடுவதற்குள், பக்கத்திலேயே முடிவும் வந்துவிட்டது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் அக்கா.

தமிழரசி சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள். "கே வெட்ஸ் சுந்தரம், அத்தை."

"கே யாரு?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பணிவாகக் கைகூப்பினார். "கே நாந்தாங்க. கண்ணுசாமி."

"அய்யய்யோ! அப்பனுக்கும் மவனுக்குமா முடிச்சுப் போட்டுச்சு?"

"நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே!" என்றார் என் அம்மா.

மறுபடி அடித்தேன். இந்தத் தடவை இன்னும் மரியாதையாக, இன்னும் நிறைய இடம் விட்டு. மறுபடியும் எனக்கும் அப்பாவுக்கும் கல்யாணம். (விஷயம் இதுதான்: நான் எழுதியிருந்த ஸ்கேன்எஃப் வெற்றிடத்தைக் கண்டால் நின்றுவிடும். 'கே'தான் மாப்பிள்ளை என்று எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த 'சுந்தரம்' வாசலில் காத்திருந்து, பெண் பெயரைக் கேட்டதும் உள்ளே புகுந்துவிட்டது. ராஜாவுக்கும் ராணிக்கும் இனிஷியல் கிடையாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு, "செமிகோலன்ல ஏதோ..." என்று உளறினேன்.)

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "பொண்ணு யாருன்னு அந்தப் பொட்டி ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா? சகுனமே சரியில்லடா வேலாயுதம். கெளம்பு, பஸ்ஸைப் புடிப்போம்."

நானே பொறுக்கிக் கோத்த எழுத்துகள் நானே விரும்பிய பெண்ணைத் துரத்துகின்றனவே என்று அழுகையே வந்துவிட்டது. தமிழரசியின் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை.

வேலாயுதம் நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கா. பொண்ணைக் கேக்காம முடிச்சுப் போட்டது தப்புங்கற. சரி. நாம மட்டும் என்ன செஞ்சோம்? ஜாதகத்தைக் கேட்டோம், சொந்தக்காரங்களைக் கேட்டோம், இப்ப பொட்டி வரைக்கும் வந்துட்டோம். இந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டமா?"

அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இந்தத் தம்பியைப் புடிச்சிருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். வேர்த்து விறுவிறுத்து, எண்டர் மேலிருந்து விரலை எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். இதை எதற்குப் பிடிக்க வேண்டும்?

"புடிச்சிருக்குப்பா. ஆனா கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் படிக்கணும்."

"நீயா?"

"இல்லப்பா, அவரு."

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் என் மாமனாருக்கு அந்தப் பிழையை விளக்கிச் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான்: கேட்பதற்குப் பெயர் ஸ்கேன்எஃப். அதிலிருந்து சொந்தத்தில் எந்த வரன் பேச்சு நடந்தாலும், வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு, "பொண்ணுக்கு ஸ்கேன்எஃப் போட்டாச்சா?" என்பார். சம்பந்தி வீட்டார் ஏதோ மருத்துவப் பரிசோதனை என்று மிரள்வார்கள், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எங்கள் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் கேட்டார். நல்ல இடம், நல்ல பையன், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம் தாத்தா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமனார் தள்ளாடி எழுந்து, வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கங்க. புள்ள சொல்லிடுச்சு. கேசரி சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அவர்கள் முகம் சுண்டிக் கிளம்பினார்கள். எல்லாருக்கும் கடைசியாக வாசல்படி இறங்கிய அந்தப் பையன் மட்டும் திரும்பி வந்து, என் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி தாத்தா. என்னையும் யாரும் கேக்கல."