தடுப்பூசியாரும் இரண்டு ஆன்டிவைரஸும்

ஒருவருடைய கடவுச்சொல்லைப் பிறரிடமிருந்து காப்பது பாதுகாப்பு; அவரிடமிருந்தே காப்பதற்கு என்ன பெயர்? திருமயம் பேருந்து நிலையத்துக்கு அருகே கணினி மையம் நடத்தும் தடுப்பூசியாரால்தான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

கணினியை இவ்வளவு காத்தவரும், அதனாலேயே அதனிடம் இவ்வளவு குறைவாக வேலை வாங்கியவரும் பூமியில் வேறெவரும் இலர். ஒரே கணினிக்கு இரண்டு ஆன்டிவைரஸ். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பென்டிரைவை நீட்டினால் உடனே வாங்கமாட்டார். "இது இதுக்கு முன்னாடி எங்கிட்டெல்லாம் போயிட்டு வந்துச்சு?" என்று விசாரிப்பார். கறம்பக்குடி வரை போய் வந்தது என்றால் இருமுறை சோதனை.

இத்தனை எச்சரிக்கையான மனிதர் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களை எழுதி வைத்திருந்த இடம், சுவரில் தொங்கிய காலண்டர். விண்ணப்பிக்க வந்தவர்கள் தம் கடவுச்சொல்லைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சமூகவியல் படித்தவன் என்ற பொறுப்புணர்ச்சியோடு அரைமணி நேரம் விளைவுகளை விளக்கி, அனைத்தையும் பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றை நான் நிறுவிக் கொடுத்தேன். காலண்டர் கிழிந்தது. பெயரோடு 123 சேர்த்த பழைய கடவுச்சொற்கள் போய், எவரும் மனப்பாடம் செய்ய இயலாத இருபது எழுத்துகள் வந்தன. ஒரே ஒரு விளைவை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். நானும் மையத்தில் இருந்தேன். நாலு மணிக்குச் சான்றிதழ்களோடு வந்தாள் செல்வி. சென்ற வாரம் அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவர் தடுப்பூசியார்தான். பாஸ்வேர்ட் மேனேஜரைத் தேடினார், காணோம். பிறருடைய கடவுச்சொற்களைச் சேகரிக்கும் சந்தேகத்துக்குரிய நிரல் என்று சொல்லி, ஆன்டிவைரஸ் அதைச் சிறையில் அடைத்திருந்தது.

"புதுசா ஒண்ணு மாத்திக்கலாமேண்ணே" என்றாள் செல்வி.

"ஓடிபி ஒங்கப்பா நம்பருக்குல்ல போகும்."

அப்பா குவைத்தில் வேலையில் இருந்தார். அழைத்துப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"ரெண்டு நிமிசம் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"ரெண்டு நிமிசம் கதவத் தொறந்து போட்டா எவன் வேணா உள்ள வருவான் தம்பி."

சரி என்று, அடைத்ததை விடுவித்து நம்பகமானவற்றின் பட்டியலில் சேர்த்தேன். உடனே இரண்டாவது ஆன்டிவைரஸ் பிடித்துக்கொண்டது. அதனிடமிருந்து மீட்பதற்குள் முதலாவது, இரண்டாவதையே சந்தேகிக்கத் தொடங்கியது. மணி நாலு நாற்பது.

"ஒண்ணத் தூக்கியே ஆகணும்ங்க" என்றேன்.

மூத்தவனா இளையவனா என்று கேட்கப்பட்ட தகப்பனைப் போல அவர் திரையைப் பார்த்தார்.

செல்வி மெதுவாகக் கேட்டாள்: "ஏண்ணே, என் பாஸ்வேர்ட எங்கிட்டயே குடுத்திருந்தா என்ன?"

தடுப்பூசியார் எச்சரிக்கையை மறுபடியும் வாசித்தார். "அடுத்தவுங்க பாஸ்வேர்டச் சேத்து வச்சிருக்கவன்னு போட்டிருக்கு. அது நாந்தானே தம்பி."

பிறகு தம் கையாலேயே ஆன்டிவைரஸ்களில் ஒன்றை நீக்கினார்; பாஸ்வேர்ட் மேனேஜர் திறந்தது. ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

கைப்பேசியிலேயே முடியும் வேலைக்கும் நான் இப்போது திருமயம் பஸ் ஏறுகிறேன். அங்கே அவரவர் கடவுச்சொல் அவரவரிடம் இருக்கிறது, அவரவரே தட்டுகிறார்கள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, "அடிச்சிட்டேங்க" என்று அவர்கள் சொல்லும்வரை, தடுப்பூசியார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலண்டர் தொங்கிய சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.